பாட்டன் எழுத்தைப் பேரன் படித்தல்: பழைய ஜெர்மானியக் கையெழுத்தும் குடிவழி ஆய்வும்

முன்னுரை

ஒரு மொழியை நன்கு பேசவும் எழுதவும் தெரிந்த ஒருவர், அதே மொழியில் தம் பாட்டனார் எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாமல் நிற்பது விந்தையான நிலையாகும். ஜெர்மனியில் இன்று இந்நிலை பெரும்பான்மையோருக்குப் பொதுவானது. அங்கு மாறியது மொழியன்று, எழுத்தின் வடிவமே. ஜாவி எழுத்தில் எழுதப்பட்ட மலாய்க் கடிதத்தை ரூமி மட்டுமே கற்ற தலைமுறை கையில் வைத்துக்கொண்டு திகைப்பதைக் கண்டிருக்கும் நம் நாட்டு வாசகர்க்கு இது எளிதில் விளங்கும்.

தம் முன்னோர் வரலாற்றைத் தேடுவோரே இந்த எழுத்தை இன்று மிகுதியாகக் கற்க முற்படுகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் ஐம்பது இலட்சம் அளவினர் ஜெர்மானிய நிலப்பகுதிகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களும் ஜெர்மனியில் தங்கிவிட்டோரின் வழித்தோன்றல்களும் ஒருங்கே தேடிச்செல்வது தேவாலயப் பதிவேடுகளையும் பழைய குடும்பக் கடிதங்களையுமே. இவர்களுக்காக எழுந்த கையேடுகளும் பயிற்சி வகுப்புகளும், எழுத்துப் பட்டியல் ஒன்றை மனனம் செய்வதே இக்கல்வியின் பெரும்பகுதி என்ற எண்ணத்தைப் பொதுவாக உண்டாக்குகின்றன. அண்மைக் காலத்தில், இனி அந்த உழைப்பும் வேண்டா, கணினியே படித்துத் தரும் என்ற கருத்தும் பரவியுள்ளது. இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு. பழங்கையெழுத்தைப் படித்தல் மூலபாடத் திறனாய்வின் ஒரு கிளையாகும். அதில் கண்ணைவிட ஐயத்திற்கே வேலை அதிகம்.

ஓடும் எழுத்தின் இயல்பு

ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஜெர்மன் மொழி பேசுவோர் நாள்தோறும் எழுதிய எழுத்து 'குர்ரென்ட்' எனப்படும். 'ஓடுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்த பெயர் இது. தூவல் தாளைவிட்டு எழாமல் ஓடவேண்டும் என்பதற்காகவே இதன் வடிவங்கள் அமைந்தன. கூரிய கோணங்களும், மேலும் கீழுமாக விரையும் சாய்கோடுகளும் இதன் அடையாளங்கள்.

எழுத்துகளை அவற்றின் ஆங்கிலப் பெயராலேயே இங்குச் சுட்டுவோம். குர்ரென்ட்டில் 'இ' என்னும் எழுத்து நாம் அறிந்த வட்ட வடிவினதன்று. நெருங்கிய இரு சிறு கோடுகளே அது. 'என்' எழுத்தும் இரு கோடுகளே. 'யூ' எழுத்தும் இரு கோடுகளே, ஆயினும் அதன் தலைமேல் ஒரு வளைவு இடப்படும். 'எம்' மூன்று கோடுகள். புள்ளியில்லாத 'ஐ' போலத் தோன்றுவது 'சி'. இவை அடுத்தடுத்து வரும் சொல்லில் வாசகர் காண்பது ஒரு மரம்வாள் பற்களின் வரிசையையே. அவற்றை எங்கே பிரிப்பது என்பது கண்ணால் மட்டும் முடிவுசெய்யப்படுவதன்று. சொல்லின் நடுவில் வரும் நெடிய 'எஸ்', 'எஃப்', 'எச்' ஆகிய மூன்றும் வரிக்குக் கீழே நீளும். விரைந்து எழுதுபவர் கையில் இவை ஒன்றையொன்று ஒத்துப்போகும். 'யூ'வின் மேல்வளைவு, உயிரெழுத்துத் திரிபைக் காட்டும் இரட்டைப் புள்ளி, மெய் இரட்டித்தலைக் காட்டும் மேற்கோடு ஆகியன யாவும் எழுத்தின் தலைமேல் நிற்பதால் அங்கும் மயக்கம் உண்டு.

ஓலைச்சுவடி அறிந்த தமிழாய்வாளர்க்கு இம்மயக்கம் புதிதன்று. மெய்க்குப் புள்ளியிடாமையும், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டாமையும், காலும் ரகரமும் ஒரே வடிவாய் நிற்றலும் நம் பதிப்பாசிரியர்களை எத்துணை அலைக்கழித்தன என்பதை நாம் அறிவோம். ஏட்டில் விடுபட்ட புள்ளியை வைப்பது வாசகரின் மொழியறிவே. குர்ரென்ட்டில் விடுபட்ட வளைவை வைப்பதும் அதுவே.

பெயர் மயக்கம்

இவ்வெழுத்தைப் பற்றிய பொதுவழக்கிலேயே ஒரு பிழை உள்ளது. பழைய ஜெர்மானியக் கையெழுத்து எதனையும் 'ஸூட்டர்லீன்' என்று அழைக்கும் வழக்கம் ஜெர்மனியிலேயே வேரூன்றிவிட்டது. லுட்விக் ஸூட்டர்லீன் (1865–1917) பெர்லினில் பணியாற்றிய வரைகலைஞர். 1911இல் பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சகம் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் சிறுவர் எழுதுவதற்கு எளிதான பள்ளியெழுத்து ஒன்றை அவர் வடித்தார். 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் அது புகுத்தப்பட்டது. நேராக நிற்கும் உருண்டையான அவ்வடிவம் குர்ரென்ட்டின் கடைசிக் கிளை. அதன் வேர் அன்று.

பெயரில் நேரும் இப்பிழை கற்பித்தலிலும் பிழையாகிறது. ஸூட்டர்லீன் பட்டியலை வைத்துப் பயின்றவர் 1930ஆம் ஆண்டுப் பள்ளிக் குறிப்பேட்டைத் தடையின்றிப் படிப்பார். அதே பட்டியலோடு 1740ஆம் ஆண்டுத் திருமுழுக்கு ஏட்டைத் திறந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவார். 200 ஆண்டுகளில் எழுத்து மாறியுள்ளது, ஊருக்கு ஊர் வேறுபட்டுள்ளது, ஒவ்வொரு குருவானவரின் கையும் தனித்தன்மை உடையது. அச்சிட்ட பட்டியல் காட்டுவது எவர் கையாலும் எழுதப்படாத ஓர் இலட்சிய வடிவம். அது தொடக்கத்திற்கு வேண்டும். ஆயின் அதனையே முடிவாகக் கொள்வோர் எழுத்துகளை அறிந்தும் சொல்லைப் படிக்க இயலாதவராகின்றனர்.

ஏடே தரும் பட்டியல்

இதற்கு மாற்று, ஆராயும் ஏட்டிலிருந்தே அவ்வேட்டின் எழுத்துப் பட்டியலைத் திரட்டிக்கொள்ளுதலாகும். பதிவேடுகளின் நடை வாய்பாட்டுத் தன்மை உடையது. திருமுழுக்குப் பதிவில் நாள், குழந்தையின் பெயர், தந்தையின் பெயரும் தொழிலும், தாயின் பெயர், ஞானப்பெற்றோர் பெயர்கள் என்பன பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் வரும். மாதப் பெயர்களும், 'மகன்', 'மகள்', 'பிறந்து', 'திருமுழுக்குப் பெற்று' ஆகிய சொற்களும் பக்கந்தோறும் மீள்கின்றன. ஐயமற்ற இச்சொற்களிலிருந்து அக்குருவானவரின் ஒவ்வோர் எழுத்தையும் பிரித்தெடுத்துத் தாளில் தொகுக்கலாம். பின்னர் ஐயமுள்ள பெயரை அத்தொகுப்போடு ஒப்பிடலாம். 19ஆம் நூற்றாண்டின் தெளிவான பதிவுகளில் தொடங்கிப் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்வது நன்று. எல்லாவற்றினும் மேலாக, அவ்வெழுத்தைத் தாமே எழுதிப் பழகவேண்டும். கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பதைக் கை அறிந்தபின்னரே, கண் அதனைத் தயக்கமின்றி இனங்காண்கிறது.

எழுத்தைப் படித்துவிட்டாலும் பொருள் வந்துவிடுவதில்லை. சில எடுத்துக்காட்டுகள் காண்போம். 7 என்னும் எண்ணை அடுத்து 'பெர்' என்ற ஈறு வந்தால், தொடக்கநிலையினர் அதனை ஏழாம் மாதமாகிய ஜூலை என்பர். அது இலத்தீனின் ஏழு, எனவே செப்டம்பர். 8ஆம் எண் அக்டோபரையும் 9ஆம் எண் நவம்பரையும் குறிக்கும். பெண்ணின் குடும்பப் பெயர் 'இன்' என்ற பெண்பால் ஈறு பெறும். மியுல்லர் வீட்டுப் பெண் ஏட்டில் 'மியுல்லரின்' ஆவாள். இதனை அறியாதார் இல்லாத ஒரு குடும்பத்தைப் படைத்துவிடுவர். சீர்திருத்தத் திருச்சபைப் பகுதிகள் பலவற்றில் 1700ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாளை அடுத்து மார்ச் 1ஆம் நாள் வந்தது. நாட்காட்டி மாற்றத்தால் இடையிலுள்ள 11 நாள்கள் ஏட்டில் இல்லை. அவற்றை எழுதாமல் விட்ட குருவானவரைக் குறைகூறுவதில் பயனில்லை.

குடும்பப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நிலைபெறவில்லை. குருவானவர் தம் செவியில் விழுந்ததை எழுதினார். பல ஜெர்மானிய வட்டார வழக்குகளில் வல்லொலி மெல்லொலி வேறுபாடு மங்கியிருந்தமையால், ஒரே குடும்பம் ஒரு தலைமுறையில் 'டி' எழுத்தோடும் அடுத்ததில் 'டீ' எழுத்தோடும் எழுதப்படும். தமிழரின் பெயர்கள் ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழ்களில் பெற்ற வடிவங்களைக் கண்டிருக்கும் நமக்கு இது வியப்பளிக்காது.

விரும்பிய பாடமும் அரிய பாடமும்

குடிவழி ஆய்வில் நேரும் பெரும்பிழை அறியாமையால் வருவதன்று, ஆசையால் வருவது. தம் முன்னோரின் பெயர் இந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று விரும்புகிறவர்க்கு, மங்கிய நான்கு கோடுகள் அப்பெயராகவே தோன்றும். தொழிலிலும் இவ்வாறே. 'பவ்வர்' என்றால் உழவர், 'பிரவ்வர்' என்றால் மதுவடிப்பவர். இரண்டிற்கும் இடையே உள்ளது 'ஆர்' என்னும் ஓரெழுத்து. அவ்வெழுத்து நெரிந்து கிடக்கும் இடத்தில், ஏழை உழவரைக் காட்டிலும் நகரத்து மதுவடிப்பாளரையே முன்னோராகக் கொள்ள மனம் நாடும்.

வியூர்ட்டம்பெர்க்கைச் சேர்ந்த இறையியலாளர் யோஹான் ஆல்பிரெஹ்ட் பெங்கெல், 1734இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தபோது, படிகளிடையே பாடம் வேறுபட்டால் எளிய பாடத்தினும் அரிய பாடமே ஏற்கத்தக்கது என்னும் நெறியை வகுத்தார். படியெடுப்போர் அரியதை எளியதாக்குவரேயன்றி எளியதை அரியதாக்கார் என்பது அதன் அடிப்படை. இந்நெறியைக் குடிவழி ஆய்வுக்குச் சற்றுத் திருத்திக் கொள்ளலாம்: எதிர்பார்த்த பாடத்தினும் எதிர்பாராத பாடத்திற்கே முதலில் இடம் தருக. பதிவேட்டின் இரண்டாம் படி இருந்தால் ஒப்பிடுக. பிரஷ்யாவின் 1794ஆம் ஆண்டுப் பொதுச் சட்டத்தொகுப்பு தேவாலய ஏடுகளுக்கு இரண்டாம் படி வேண்டுமென விதித்தமையால், பல ஊர்களுக்கு இவ்வாய்ப்பு உண்டு. ஒப்பிட்டும் தெளியாத எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டு ஐயக்குறி வைத்தலே நேர்மை. எழுத்துக்கூட்டலை இன்றைய முறைக்குத் திருத்தி எழுதுவது, உதவி என்ற பெயரில் சான்றை அழிப்பதாகும்.

சில சான்றுகள் எழுத்தில் மட்டும் இல்லை என்பதும் நோக்கத்தக்கது. மணவாழ்விற்குப் புறம்பே பிறந்த குழந்தைகளின் பதிவைச் சில ஊர்க் குருமார் தலைகீழாக எழுதினர். ஏட்டைத் திருப்பிப் பிடித்துப் படிக்கவேண்டிய அந்த வரி, அத்தாய் அவ்வூரில் எவ்வாறு நோக்கப்பட்டாள் என்பதைச் சொற்களின்றிச் சொல்கிறது. படியெடுப்பவர் அதனை நேராக எழுதி அமைந்தால், அவள் பட்ட இழிவும் பதிவிலிருந்து மறைந்துபோகும்.

1941: அறுந்த இழை

ஒரு நாட்டு மக்கள் தம் சொந்தக் கையெழுத்தை எவ்வாறு மறந்தனர்? இவ்வினாவிற்கான விடை ஜெர்மனியின் இருண்ட காலத்தில் உள்ளது. 1933 ஏப்ரல் 7ஆம் நாள் இயற்றப்பட்ட அரசுப்பணியாளர் சட்டமும் அதனைப் பின்தொடர்ந்த ஆணைகளும், பணியிலிருப்போர் தம் பெற்றோர், பாட்டன் பாட்டியர் யூதர் அல்லர் என மெய்ப்பிக்க வேண்டுமெனக் கோரின. 1935இன் நியூரம்பெர்க் சட்டங்கள் இக்கணக்கைக் குடியுரிமைக்கும் திருமணத்திற்கும் விரித்தன. ஜெர்மானியப் பேரரசு முழுவதற்குமான அரசுப் பிறப்புப் பதிவு 1876இல்தான் தொடங்கியது. எனவே அதற்கு முந்திய தலைமுறைக்குத் தேவாலய ஏடே சான்று. குருவானவர் அலுவலகங்கள் பதிவுப் படிகள் கேட்போரால் நிறைந்தன. முன்னோர் பெயர்களைக் குறித்து முத்திரை பெறும் 'முன்னோர் கடவுச்சீட்டு' வீடுதோறும் புழங்கியது. பெர்லினில், திருமுழுக்குப் பெற்ற யூதர்களின் பதிவுகளை ஏடுகளிலிருந்து பிரித்தெடுத்து அட்டைகளாகத் தொகுக்கும் பணியைத் திருச்சபை அலுவலகம் ஒன்றே மேற்கொண்டது. அன்பின் பொருட்டு எழுதப்பட்ட வரி ஒருவரை அழிவிற்கு அனுப்பும் சான்றாயிற்று.

இதே அரசுதான் 1941இல் இவ்வெழுத்தின் வாழ்வை முடித்தது. அவ்வாண்டு ஜனவரி 3ஆம் நாள் மார்ட்டின் போர்மான் விடுத்த சுற்றறிக்கை, அதுவரை தேசிய எழுத்தெனப் போற்றப்பட்ட பழைய அச்செழுத்தை 'யூத எழுத்து' எனப் பழித்து விலக்கியது. அக்கூற்றிற்கு வரலாற்று அடிப்படை எதுவும் இல்லை. செப்டம்பர் 1ஆம் நாள் ஆணையால் பள்ளிகளில் பழைய கையெழுத்தும் நீங்கி இலத்தீன் வடிவமே பயிற்றுவிக்கப்பட்டது. போருக்குப் பின் சில மாநிலங்களில் அது துணை எழுத்தாகச் சிறிது காலம் கற்பிக்கப்பட்டதாயினும், இழை அறுந்தது அறுந்ததே. மக்களை முன்னோர் ஏடுகளைத் தேடுமாறு விரட்டிய ஆட்சியே, அவர்தம் பிள்ளைகள் அவ்வேடுகளைப் படிக்க இயலாதவாறும் செய்தது.

இவ்வரலாற்றை ஒதுக்கிவிட்டு எழுத்து வடிவத்தை மட்டும் கற்பிக்கும் வகுப்பு குறையுடையது. பதிவேட்டின் ஓரத்தில் 1930களின் மையில் இடப்பட்ட ஒரு கோடோ முத்திரையோ காணப்படின், அது எதற்காக இடப்பட்டது என அறியாமல் கடந்துபோகும் வாசகர் அப்பக்கத்தைப் படித்தவராகார்.

எந்திரத்தின் படிப்பு

இனி, கணினி பற்றிய கருத்தை ஆராய்வோம். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஐரோப்பிய ஆய்வுத் திட்டமொன்றில் வளர்ந்த 'டிரான்ஸ்கிரிபஸ்' என்னும் கருவி, 2019 முதல் ஒரு கூட்டுறவு அமைப்பின் பொறுப்பில் உள்ளது. மனிதர் படித்துத் தந்த பக்கங்களைக் கொண்டு பயிற்சி பெற்று, புதிய பக்கங்களைத் தானே படிக்கிறது. ஒரே கையால் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு சொல்லைத் தேடுவோர்க்கு இது பெருந்துணை. சீர்திருத்தத் திருச்சபைகளின் 'ஆர்க்கியோன்', கத்தோலிக்க ஏடுகளைக் கட்டணமின்றிக் காட்டும் 'மாட்ரிகுலா' முதலிய இணையவாயில்கள் ஏட்டின் படத்தை வீட்டிற்கே கொணர்ந்துள்ளன. இவற்றின் பயனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயினும் ஒரு கணக்கை நோக்குவோம். 100 எழுத்துகளில் 95ஐச் சரியாகப் படிக்கும் கருவி திறமையானதாகவே தோன்றும். சராசரியாக ஆறெழுத்துடைய சொற்களில் இதனைப் பொருத்தினால், ஏறத்தாழ நான்கு சொற்களுக்கு ஒன்றில் பிழை நேரும். அப்பிழைகளும் சமமாகப் பரவுவதில்லை. பலமுறை மீளும் பொதுச்சொற்களைக் கருவி எளிதாகப் பழகிக்கொள்கிறது. அரிதாக வரும் ஆள்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் இடறுகிறது. குடிவழி ஆய்வாளர்க்கு வேண்டியதோ அப்பெயரே. தவறாகப் படிக்கப்பட்ட பெயர் அகரவரிசையில் வேறிடத்தில் சென்று அமர்ந்துவிட்டால், அம்மனிதர் தேடுவோர்க்கு இல்லாதவராகிறார். மனிதர் செய்த பழைய அகரவரிசைகளிலும் இக்குறை உண்டு. வேறுபாடு யாதெனில், மனிதப் படியெடுப்பாளர் தயங்கிய இடத்தில் ஐயக்குறி இடக்கூடும். எந்திரத்தின் அச்சுப்படியோ ஐயமுற்ற சொல்லையும் உறுதியான சொல்லையும் ஒரே தெளிவுடன் காட்டி வாசகரை ஏமாற்றும்.

எனவே எந்திரத்தின் படிப்பை மேலும் ஒரு படியாகக் கொள்வதே முறை. மூலத்தின் இருக்கையில் அதனை அமர்த்தலாகாது. அதனைச் சரிபார்க்கும் ஆற்றல் உடையார்க்கே அது கருவி. அவ்வாற்றல் இல்லார்க்கு அது மற்றுமொரு படிக்கமுடியாத ஏடு.

ஹாலேயும் தரங்கம்பாடியும்

இவ்வெழுத்து தமிழாய்வுக்கு முற்றும் புறம்பானதன்று. 1706இல் தரங்கம்பாடி வந்த பார்த்தலோமேயு சீகன்பால்குவும் அவர்க்குப் பின் வந்தோரும் எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள், அறிக்கைகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனங்களின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி பழைய ஜெர்மானியக் கையெழுத்தில் அமைந்தவை. ஹாலேயில் அச்சான அறிக்கைகள் வாசகர்க்கேற்பத் தேர்ந்தும் திருத்தியும் வெளியிடப்பட்டவை. அச்சில் வராதது கையெழுத்தில் உண்டு.

சீகன்பால்கு 1713இல் முடித்த, தென்னிந்தியத் தெய்வங்களின் குடிவழி பற்றிய நூலின் வரலாறு இதற்குச் சான்று. ஹாலே அதனை அச்சிட முன்வரவில்லை. 1867இல் வில்ஹெல்ம் கெர்மான் சென்னையில் பதிப்பித்தார். அதன் மூல வடிவம் கையெழுத்துப்படியைக் கொண்டு டேனியல் ஜெயராஜ் அவர்களால் ஹாலேயில் வெளியிடப்பட்டது 2003இல்தான். தமிழர் ஒருவர் இவ்வெழுத்தைக் கற்றமையால் நூலொன்று தன் முதல் வடிவை மீளப் பெற்றது. 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் முதலிய தமிழ் ஊழியர்களைப் பற்றிய குறிப்புகளையும், அக்காலத் தரங்கம்பாடிக் குடும்பங்களின் செய்திகளையும் தேடும் ஆய்வாளர் எவரும் இந்தக் கோடுகளின் காட்டைக் கடந்தேயாக வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்புகளோடு நின்றுவிடுவது, பிறர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததையே வரலாறாக ஏற்பதாகும்.

முடிவுரை

பழைய ஜெர்மானியக் கையெழுத்தைக் கற்றல் பட்டியலை மனனம் செய்வதால் முடிவதன்று. கருவியிடம் ஒப்படைப்பதாலும் முடிவதன்று. எழுதியவரின் கையையும் ஏட்டின் வாய்பாட்டையும் அக்காலத்தின் வழக்கத்தையும் ஒருங்கே அறிந்து, தெளிந்ததைத் தெளிந்ததாகவும் ஐயுற்றதை ஐயுற்றதாகவும் எழுதிவைக்கும் ஒழுக்கமே அக்கல்வி. ஒரு காலத்தில் இவ்வேடுகள் மனிதரைப் பிரித்துத் தள்ளுவதற்காகப் படிக்கப்பட்டன. இன்று அவற்றைப் படிப்போர், தமக்குப் பெருமை தரும் பெயரைமட்டும் தேடாமல், தலைகீழாக எழுதப்பட்ட வரியையும் நின்று படிக்கவேண்டும்.

சீகன்பால்கு தமிழ் கற்கத் தொடங்கியபோது, முதிய ஆசிரியர் ஒருவரின் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்து வரைந்து பழகினார். அவர் கடிதங்களைப் படிக்க விரும்பும் நமக்கும் அதுவே வழி. தாளையும் தூவலையும் எடுத்து, அவர் எழுதிய எழுத்தை முதலில் நம் கையால் எழுதிப் பார்த்தல் வேண்டும்.